பாலையில் ஒரு பனிக்காலம்: அமெரிக்க வண்டிவாழ்நரின் வாழ்வியல்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்பர். இவற்றுள் உணவும் உடையும் மனிதனோடு உடன்செல்லும் இயல்பின. உறையுளோ ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. வெளியே சென்று உழைத்தவன் மீண்டு வந்து அடங்குவதற்குரிய இடமாக அமைவது. அவ்வுறையுளையே சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு, கோடையில் மலைநாட்டையும் குளிர்காலத்தில் பாலைநிலத்தையும் நாடிச் செல்லும் மக்கட்கூட்டம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று வாழ்ந்து வருகிறது. இவர்கள் ஆடுமாடு மேய்க்கும் ஆயர் அல்லர். பண்டம் சுமந்து விற்கும் வணிகக் கூட்டத்தாரும் அல்லர். ஆசிரியராகவும் எழுத்தராகவும் ஆலைத் தொழிலாளராகவும் பல்லாண்டு உழைத்து முதுமை எய்தியவர்களே இவர்களுள் மிகுதி.

1332ஆம் ஆண்டில் துனீஸ் நகரில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில் மனித சமுதாயத்தின் வாழ்நிலையை இருவகையாகப் பகுத்துக் காட்டுவார். பாலைவெளியில் அலைந்து வாழ்வது ஒன்று. நகரத்தில் நிலைத்து வாழ்வது மற்றொன்று. அலைவாழ்வே காலத்தால் முந்தியது என்பதும், நிலைவாழ்வை நோக்கி நகர்வதே அதன் இயல்பு என்பதும் அவருடைய முடிபுகள். உலக வரலாற்றில் பெரும்பகுதி அவர் கூற்றுக்குச் சான்றாக நிற்கிறது. ஆயின் அமெரிக்க வண்டிவாழ்நரோ அவ்வழியில் எதிர்த்திசையில் நடக்கின்றனர். நகரத்தையும் நிலைத்த வீட்டையும் விட்டுப் பாலைவெளிக்குப் புறப்படுகின்றனர். அவர்கள் ஏன் அவ்வாறு செல்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர், அவ்வாழ்வு அவர்களிடம் வாங்கும் விலை யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியே வீடு

இவ்வண்டிகளை அந்நாட்டார் 'ஆர்.வி.' என இரண்டே எழுத்தில் குறிப்பர். 'ரிக்ரியேஷனல் வெஹிகிள்', அதாவது பொழுதுபோக்கு ஊர்தி என்பது அதன் விரிவு. பொழுதுபோக்குக்கென எழுந்த பெயர், ஆண்டு முழுவதும் அதிலேயே வாழ்வோருக்கு அத்துணைப் பொருந்துவதன்று. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. இவை பலவகைப்படும். பேருந்து அளவினதாய்த் தானே இயங்குவது ஒருவகை. சிறு வேனின் உட்பகுதியைப் படுக்கையும் அடுப்புமாக மாற்றி அமைத்தது மற்றொருவகை. காருக்குப் பின்னே பூட்டி இழுக்கப்படும் இழுவை வீடு பிறிதொருவகை. முன்பகுதியைத் திறந்த சரக்கு வண்டியின் முதுகின்மேல் பூட்டி இழுக்கப்படும் பெரிய வீடும் உண்டு. எவ்வகையாயினும் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, நீர்த்தொட்டி ஆகியன அதனுள் அடங்கும்.

இப்பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் விற்பனைக்கு வந்தது. அதன்பின் நடுத்தரக் குடும்பத்தாரும் நெடும்பயணம் மேற்கொள்ளத் தொடங்கினர். 1919ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் அத்தகைய பயணியர் ஒன்றுகூடித் 'தகர டப்பா பயணியர்' என்னும் பொருளுடைய பெயரில் ஒரு சங்கத்தை நிறுவினர். வடமாநிலப் பனிக்குத் தப்பித் தென்மாநில வெயிலை நாடியவர்கள் அவர்கள். 1931இல் வாலி பயாம் என்பவர் 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் இழுவை வீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1966இல் அயோவா மாநிலத்தின் 'வின்னபேகோ' நிறுவனம் தானே இயங்கும் வீட்டு வண்டிகளைப் பெருமளவில் செய்யத் தலைப்பட்டது. இவ்வாறு வசதி படைத்தோரின் விடுமுறைக் கருவியாக வளர்ந்த வண்டி, காலப்போக்கில் பலருக்கு ஒரே உறைவிடமாகவும் ஆயிற்று.

பாலையை நாடும் பருவம்

தமிழ் இலக்கணம் கற்றோர்க்குப் பாலை என்றவுடன் பிரிவும் வெம்மையுமே நினைவுக்கு வரும். தொல்காப்பியர் பாலைக்கெனத் தனிநிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் நல்லியல்பு கெட்ட நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் காட்டும். பாலைக்கு வேனிற்காலத்தை உரிமை செய்த தொல்காப்பியர், பின்பனிக் காலத்தையும் அதற்கு உரித்தாக்கினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பாலை என்பது வெம்மை ஒன்றே உடையதன்று. அதற்குப் பனிப்பருவமும் உண்டு. அமெரிக்கப் பாலைக்குச் செல்வோர் நாடுவது அப்பனிப்பருவத்தையே.

அந்நாட்டின் தென்மேற்கில், அரிசோனா, கலிஃபோர்னியா மாநிலங்களிலும் மெக்சிகோ நாட்டிலுமாகப் பரந்து கிடப்பது சொனோரப் பாலைவனம். தூண்போல் ஓங்கி வளரும் 'சகுவாரோ' என்னும் கள்ளியினம் அதன் அடையாளம். கோடையில் அங்கு வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து நிற்கும். வண்டிக்குள் வாழ்வது அரிது. ஆனால் ஜனவரித் திங்களில் பகல்வெப்பம் 20 பாகையை ஒட்டியும் இரவுவெப்பம் 5 பாகையை ஒட்டியும் அமையும். அதே வேளையில் மின்னசோட்டா, வடக்கு டக்கோட்டா போன்ற வடமாநிலங்களிலும் கனடா நாட்டிலும் வெப்பம் உறைநிலைக்கு மிகக் கீழே இறங்கிவிடும். வண்டியின் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கும். ஆதலின் பனிக்காலத்தைப் பாலையில் கழிப்பது இவ்வாழ்வினர்க்கு இன்பம் மட்டுமன்று, இன்றியமையாமையும் ஆகும். இங்ஙனம் வலசை வரும் முதியோரைப் 'பனிப்பறவைகள்' என்று அந்நாட்டார் வழங்குவர்.

குவார்ட்ஸைட் என்னும் சிற்றூர்

இவ்வலசையின் தலைநகர் எனத் தக்கது அரிசோனா மாநிலத்தின் மேற்கெல்லையை அடுத்த குவார்ட்ஸைட் என்னும் சிற்றூர். ஃபீனிக்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், பத்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மேல் அமைந்துள்ளது. கொலராடோ ஆறு அதற்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் ஓடுகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்வூரின் நிலையான மக்கள்தொகை ஏறத்தாழ 2,400 மட்டுமே. கோடையில் கடைகள் பல அடைத்துக் கிடக்கும். அக்டோபர் தொடங்கியதும் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஜனவரியில் வீட்டு வண்டிக் கண்காட்சியும் கல், மணி வணிகச் சந்தைகளும் கூடும்போது, ஊரைச் சூழ்ந்த வெளியெங்கும் வெண்ணிற வண்டிக்கூரைகளே தென்படும். பல்லாயிரவர் தங்கும் மாநகராக அவ்வூர் ஓரிரு திங்கள் விளங்கி, வெயில் ஏற ஏற மீண்டும் சிற்றூராகச் சுருங்கிவிடும்.

ஹாஜி அலியின் அடக்கவிடம்

இவ்வூரின் பழைய இடுகாட்டில் கூம்புவடிவக் கல்நினைவகம் ஒன்று உள்ளது. அதன் உச்சியில் உலோகத்தாலான ஒட்டக உருவம் ஒன்று நிற்கிறது. அங்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் ஹாஜி அலி என்னும் ஒட்டகப் பாகர். அமெரிக்கப் பாலையில் ஒட்டகப் பாகர் ஒருவர் எவ்வாறு வந்தார் என்னும் வினா எழுதல் இயல்பே.

தென்மேற்குப் பாலையில் படைக்குத் தேவையான பொருள்களைச் சுமக்கக் குதிரையும் கோவேறு கழுதையும் போதா எனக் கருதிய அமெரிக்க அரசு, ஒட்டகங்களைக் கொண்டுவர முனைந்தது. போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸின் தூண்டுதலால் 1855இல் அந்நாட்டுப் பேரவை இதற்கென 30,000 டாலர் ஒதுக்கியது. 1856 மே திங்களில் டெக்சாஸ் கரையில் 34 ஒட்டகங்கள் இறக்கப்பட்டன. அவற்றோடு கிழக்கு மத்தியதரைப் பகுதியிலிருந்து வந்த பாகர்களுள் ஒருவரே ஹாஜி அலி. அவர் பெயரை உச்சரிக்க இயலாத படைவீரர் அதனை 'ஹை ஜாலி' எனத் திரித்து வழங்கினர். 1857இல் எட்வர்ட் பீல் என்பார் தலைமையில் கொலராடோ ஆறு வரை வண்டிப்பாதை வகுத்த பயணத்தில் 25 ஒட்டகங்கள் பங்குகொண்டன. அப்பாதையை ஒட்டியே பிற்காலத்தில் '66ஆம் எண் சாலை' என்னும் புகழ்மிக்க நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அமைந்தது. இன்றைய வண்டிகள் செல்லும் வழியை முதலில் அளந்தவற்றுள் ஒட்டகங்களும் உண்டு என்பது வியத்தற்குரியது.

உள்நாட்டுப் போர் மூண்டதும் ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. ஒட்டகங்கள் விற்கப்பட்டன, சில பாலையில் விடப்பட்டன. ஹாஜி அலி தாயகம் திரும்பவில்லை. சுமைதூக்கியும் கனிமம் தேடியும் பாலையிலேயே அலைந்து, 1902இல் குவார்ட்ஸைட்டில் உயிர்நீத்தார். 1935இல் அரிசோனா நெடுஞ்சாலைத் துறை அவருக்கு அந்நினைவகத்தை எழுப்பியது. அவர் திரிபுப் பெயரையே தாங்கிய அரசு முகாம் ஒன்றும் ஊருக்கு அருகில் உண்டு. வாழ்நாளெல்லாம் அலைந்தவர் ஒருவரின் அடக்கவிடமே அலைந்து வாழ்வோர் கூடும் ஊரின் முதன்மை அடையாளமாக விளங்குகிறது.

நிற்பதற்கு நிலம்

வண்டி ஓடுவதற்குச் சாலை போதும். அது நிற்பதற்கு இடம் வேண்டும். நகரங்களிலும் தனியார் நிலங்களிலும் வண்டியில் தங்குதல் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. தனியார் வண்டி முகாம்களில் வாடகை மிகுதி. எனவே இவ்வாழ்வு முழுவதும் அரசுப் பொதுநிலங்களையே அடித்தளமாகக் கொண்டுள்ளது.

அமெரிக்க உள்துறையின்கீழ் இயங்கும் நில மேலாண்மைச் செயலகம் ஏறத்தாழ 24 கோடியே 50 இலட்சம் ஏக்கர் பொதுநிலத்தைப் பேணுகிறது. அதன் பெரும்பகுதியில் எவரும் கட்டணமின்றித் தங்கலாம். ஆயின் 28 நாள்களுள் 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் தங்குதல் கூடாது என்பது பொதுவிதி. அதன்பின் அரிசோனாவில் 40 கிலோமீட்டர் அளவேனும் விலகிச் செல்லல் வேண்டும். இது முதியோர்க்கு அலைச்சல் தரும். மேலும் பல்லாயிரவர் கூடும் இடத்தில் நிலமும் கெடும். இவ்விரண்டையும் கருதி 1983ஆம் ஆண்டில் நெடுநாள் தங்கல் பகுதிகள் ஏற்படுத்தப்பட்டன. குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே உள்ள லா போசா என்னும் பகுதி ஏறத்தாழ 11,400 ஏக்கர் பரப்புடையது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு திங்கள் அங்குத் தங்கலாம். அதற்கான கட்டணம் பல ஆண்டுகள் 180 டாலராக இருந்தது. பெருநகரங்களில் ஒரு வார வாடகைக்கும் அத்தொகை போதாது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். பருவம் முடியும் நாள், நம் கணக்கில் பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் வேளையை ஒட்டி அமைதல் சுவையான பொருத்தமாகும்.

நீரும் ஒளியும்

பொதுநிலத்தில் வண்டிதோறும் குழாயோ மின்கம்பியோ இல்லை. தேவையான அனைத்தையும் வண்டியே தாங்கி நிற்றல் வேண்டும். அமெரிக்கர் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 82 காலன், அதாவது 310 லிட்டர் நீர் செலவிடுகிறார் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நடுத்தர வண்டி ஒன்றின் நீர்த்தொட்டியோ 40 காலன் அளவினது. ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும். வீட்டில் ஒருவர் அரை நாளில் செலவிடும் நீரைக் கொண்டு கணவனும் மனைவியுமாக இருவர் ஒரு வாரத்துக்கு மேல் வாழ்கின்றனர். பாத்திரத்தை முதலில் துடைத்துப் பின்னர்க் கழுவுவர். குளிக்கும்போது உடலை நனைத்ததும் குழாயை மூடிவிடுவர். நீரின் மதிப்பை அறிவுரையாலன்றித் தொட்டியின் அளவுகோலால் அறிந்தவர்கள் இவர்கள்.

கழிவுநீரும் வண்டியிலேயே சேர்க்கப்படும். கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக் கழிவுக்கு மற்றொரு தொட்டி என இரண்டு உண்டு. கழிப்பறைக் கழிவை நிலத்தில் விடுதல் குற்றம். குறித்த நிலையத்துக்கு வண்டியை ஓட்டிச் சென்று குழாய் வழியே இறக்குதல் வேண்டும்.

மின்சாரம் பெரும்பாலும் சூரியனிடமிருந்து பெறப்படுகிறது. கூரைமேல் மின்பலகைகளைப் பொருத்தி, பகலில் மின்கலங்களில் சேர்த்து இரவில் பயன்படுத்துவர். டிசம்பர் இறுதியில் குவார்ட்ஸைட்டில் நண்பகல் சூரியனும் அடிவானத்திலிருந்து 33 பாகை உயரமே எழும். ஆதலின் பலகையைக் கூரைமேல் படுக்கவைத்தால் ஒளி வீணாகும். தென்திசை நோக்கிச் சாய்த்து நிறுத்தினால் மின்சாரம் மிகும். சமையலுக்கும் குளிர்பெட்டிக்கும் வெப்பமூட்டிக்கும் புரோப்பேன் வாயு உதவும். குளிரிரவில் சாளரங்களை முற்றும் அடைத்து வாயு அடுப்பை எரித்தால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குவோரின் உயிரைக் குடிக்கும். எனவே சாளரம் சற்றே திறந்திருத்தலும் எச்சரிக்கைக் கருவி பொருத்தலும் இவ்வாழ்வின் முதல் பாடங்கள்.

இடத்தேர்விலும் அறிவு வேண்டும். மணற்பாங்காய்ச் சமதளமாய்த் தோன்றும் வறண்ட ஓடைப்படுகை, வண்டி நிறுத்த ஏற்றதென மயக்கும். தொலைவில் மலைமேல் பெய்த மழை, இங்கு ஒரு துளியும் விழாத நிலையிலும், வெள்ளமாக அவ்வோடையில் பாய்ந்து வரும். பாலையில் நீரின்மையால் மட்டுமன்றி நீராலும் மனிதர் மடிவதுண்டு.

விருப்பமும் வறுமையும்

இவ்வாழ்வினர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. பல இலட்சம் டாலர் விலையுள்ள வண்டியில், சேமிப்பும் ஓய்வூதியமும் உடையவராய், நாடு காணும் வேட்கையால் வந்தோர் உளர். பழைய வேனின் பின்புறத்தில் ஒரு பலகையிட்டு உறங்குவோரும் உளர். இருவரும் ஒரே வெளியில், ஒரே விண்மீன்களின் கீழ்த் தங்குகின்றனர். முன்னவர் வீட்டை விட்டு வந்தவர். பின்னவர் வீட்டை இழந்து வந்தவர்.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடியால் பொருளியல் சரிந்தபோது, வேலையும் சேமிப்பும் வீடும் ஒருங்கே இழந்தோர் பலர். முதுமையில் அரசு தரும் சமூகப் பாதுகாப்புத் தொகை வீட்டு வாடகைக்கே போதாத நிலையில், வாடகையை நீக்கிவிட்டால் வாழலாம் எனக் கணக்கிட்டு அவர்களுள் சிலர் வண்டிக்குப் பெயர்ந்தனர். இதழாளர் ஜெசிகா புரூடர் இவர்களோடு பயணம் செய்து, 2017இல் 'நோமட்லேண்ட்' என்னும் நூலை வெளியிட்டார். அதனைத் தழுவிக் குளோயி ஜாவ் இயக்கிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அப்படத்தின் தொடக்கத்தில் வரும் நெவாடா மாநிலத்து எம்பயர் என்னும் ஊர் கற்பனையன்று. 2011இல் அங்கிருந்த ஜிப்சம் ஆலை மூடப்பட்டவுடன் தொழிலாளர் குடியிருப்பு முழுவதும் காலியாயிற்று. அவ்வூரின் அஞ்சல் குறியீட்டு எண்ணும் நிறுத்தப்பட்டது.

இத்தகையோர் பருவத்துக்கேற்பக் கூலிவேலை தேடி நகர்வர். கோடையில் காட்டு முகாம்களில் கழிப்பறை தூய்மை செய்து காவல் புரிவர். அக்டோபரில் வடக்கு டக்கோட்டா, மின்னசோட்டா எல்லையில் சர்க்கரைக் கிழங்கு அறுவடையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைப்பர். அமேசான் நிறுவனம் வண்டிவாழ்நரைத் தன் கிடங்குகளில் பண்டிகைக் காலப் பணிக்கு அமர்த்தும் திட்டம் ஒன்றை 2008 முதல் பல்லாண்டு நடத்திப் பின்னர்க் கைவிட்டது. எழுபது வயதில் கான்கிரீட் தரைமேல் நாளெல்லாம் நடந்து பொருள் எடுத்தோர், ஜனவரியில் பாலைக்கு வந்து உடல்வலி ஆற்றிக்கொண்டனர். இவர்களுக்குப் பாலை ஓய்விடமாகவும் மருத்துவ விடுப்பாகவும் அமைந்தது.

முகவரி என்னும் சிக்கல்

வீடில்லாமல் வாழலாம், முகவரி இல்லாமல் வாழ்தல் இயலாது. ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு, வங்கிக் கணக்கு, வாக்குரிமை ஆகிய அனைத்தும் ஒரு நிலையான முகவரியைக் கேட்கின்றன. இதற்குத் தெற்கு டக்கோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களே வண்டிவாழ்நருக்குப் பெரிதும் கைகொடுக்கின்றன. இம்மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தெற்கு டக்கோட்டா, அம்மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டினாலே ஓட்டுநர் உரிமம் பெறும் வசதியை நீண்ட காலமாக அளித்துவந்தது. அங்குள்ள அஞ்சல் நிலையங்கள் கட்டணம் பெற்று, வண்டி செல்லும் ஊர்களுக்குக் கடிதங்களை அனுப்பிவைக்கும். ஆண்டில் ஓரிரவு மட்டுமே தங்கும் ஊரைத் தம் ஊர் என எழுதிக்கொடுக்கும் மனிதரின் நிலை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

மருத்துவமும் இத்தகைய சிக்கலே. 65 வயது கடந்தோர்க்கு அரசு மருத்துவக் காப்பீடு உண்டெனினும் பல்மருத்துவம் அதனுள் பெரும்பாலும் அடங்காது. எனவே அரிசோனாவின் யூமா நகருக்கு அருகே எல்லையைக் கடந்து, மெக்சிகோவின் லாஸ் அல்கொடோனஸ் என்னும் சிற்றூருக்கு நடந்தே சென்று பல்கட்டி வருவர். பனிப்பறவைகளின் பற்களை நம்பியே நூற்றுக்கணக்கான பல்மருத்துவர் அவ்வூரில் தொழில் செய்கின்றனர்.

சுற்றமும் முதுமையும்

இப்னு கல்தூன் பாலைவாழ்வுக்கு உயிர்நாடியாகக் கூறுவது குழுவுணர்வு. இனம் இனத்தைத் தாங்காவிடின் பாலையில் எவரும் வாழ்தல் இயலாது என்பது அவர் கருத்து. இரத்த உறவுகளை விட்டு வந்த வண்டிவாழ்நரும் அவ்வுணர்வைப் புதிதாக ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. 1978இல் ஜோ, கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் 'எஸ்கேபீஸ்' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சங்கம், வண்டி ஓட்ட இயலாது தளர்ந்த உறுப்பினர் தம் வண்டியிலேயே தங்கி உணவும் துணையும் பெறுவதற்கான நிலையம் ஒன்றையும் அமைத்தது. மிகக் குறைந்த வருவாயில் வேனில் வாழ்வோர்க்கு வழிகாட்டிய பாப் வெல்ஸ் என்பவர், 2010ஆம் ஆண்டையொட்டிக் குவார்ட்ஸைட் அருகே ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு கூட்டத்தைக் கூட்டலானார். மின்பலகை பொருத்துவது எவ்வாறு, காவலர் கதவைத் தட்டினால் என்ன சொல்வது, தனித்து வாழும் பெண்கள் தம்மைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பனவற்றை அங்கு மூத்தோர் புதியோர்க்குக் கற்பிப்பர்.

ஆயினும் இச்சுற்றத்துக்கு எல்லை உண்டு. நண்பர்கள் வசந்தத்தில் பிரிந்து திசைக்கொருவராய்ச் செல்வர். கண்பார்வை மங்கினால் வண்டி ஓட்டல் இயலாது. வண்டியின் எந்திரம் பழுதானால் பயணம் மட்டுமன்றி வீடும் பழுதாகிறது. பழுதுபார்க்கும் கடையில் வண்டி நிற்கும் நாள்களில் அதன் உரிமையாளர் தெருவில் நிற்பார். சட்டமும் இறுகி வருகிறது. பொதுஇடத்தில் உறங்குவோர்க்கு நகரங்கள் தண்டம் விதிக்கலாம் என அமெரிக்க உச்சநீதிமன்றம் 2024 ஜூன் திங்களில் தீர்ப்பளித்தது. பாலையில் எழுதப்பட்ட அனுமதியோடு வாழ்பவர், நகருக்குள் நுழைந்து ஓரிரவு கண்ணயர்ந்தால் குற்றவாளி ஆகக்கூடும். வண்டிவாழ்நருள் வெள்ளையினத்தவரே மிகுதியாக இருப்பதற்கும், நள்ளிரவில் காவலர் கதவைத் தட்டும்போது கறுப்பினத்தவர்க்கு நேரக்கூடிய இடர் ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. விடுதலையின் சின்னமாகப் போற்றப்படும் சாலை அனைவர்க்கும் ஒன்றுபோல் திறந்திருப்பதில்லை.

முடிவுரை

அமெரிக்க வண்டிவாழ்வைச் சிலர் விடுதலை வாழ்வெனப் பாடுவர். சிலர் வறுமையின் புதுவடிவம் எனப் பழிப்பர். இரண்டும் ஒருபுடை உண்மைகளே. குறைந்த நீரில், குறைந்த பொருளில், சூரியன் தந்த அளவான ஒளியில் மனநிறைவோடு வாழ இயலும் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டுகின்றனர். மிகுநுகர்வில் மூழ்கிய நாட்டில் இது சிறிய பாடமன்று. அதே வேளையில், உலகின் பெருஞ்செல்வ நாடு தன் முதியோர் பலருக்கு நான்கு சுவரும் ஒரு முகவரியும் தர இயலாது போனதையும் அவ்வண்டிகள் சாற்றி நிற்கின்றன.

இவ்வாழ்வை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். அலைந்து திரியும் உரிமையைச் சக்கரம் தந்துவிடும். நிற்கும் உரிமையை அதனால் தர இயலாது. அதனை நிலமும் சட்டமும் சுற்றமுமே தரவேண்டும். லா போசாவின் பொதுநிலம் இல்லையேல் பனிப்பறவைகளுக்குப் பனிக்காலம் இல்லை. தெற்கு டக்கோட்டாவின் அஞ்சல்பெட்டி போன்ற ஒன்று இல்லையேல் அவர்களுக்கு முகவரி அரிது. லிவிங்ஸ்டன் நிலையம் போன்ற ஒன்று இல்லையேல் அவர்களின் முதுமைக்குப் புகல் இல்லை.

வீடு என்பது யாது என்னும் வினாவுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் விடையாகா. சென்றவன் வந்து நிற்க உரிமையுள்ள இடமும், அவன் வரவில்லையெனில் 'ஏன் வரவில்லை' எனக் கேட்க ஓர் உயிரும் சேர்ந்ததே வீடு. இவ்விரண்டையும் பெற்ற முதியோர் வேனில் வாழினும் செல்வரே. இவற்றைத் தம் பெற்றோர்க்கு உறுதி செய்யாத மக்கள் மாடமாளிகை கட்டித் தரினும், அங்கு அம்முதியோர் வாழ்வது பாலையிலேயே எனலாம். இதனை இளைஞரும் குடும்பத் தலைவரும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் நலம் பயக்கும்.